மூன்று தலைமுறைக்கு எந்தப் பாட்டுச் செயலி?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது; கர்னாடக சங்கீதமும் பழைய சினிமாப் பாட்டும் கேட்பார். கல்லூரியில் படிக்கும் மகளுக்குப் புதுப் பாட்டு. நான் பஸ்ஸில் ப்ளூடூத் இயர்போனில் கேட்பேன். ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் இவற்றில் எதற்குச் சந்தா கட்டலாம்? - ஒரு வாசகர், கோவை

பதில்: முதலில் மூன்று பேரும் ஆளுக்குப் பத்துப் பாட்டை ஒரு தாளில் எழுதுங்கள். திரும்பத் திரும்பக் கேட்கிற பாட்டாக இருக்கட்டும். அந்த முப்பதையும் ஒவ்வொரு செயலியிலும் தேடுங்கள். பத்து கோடிப் பாட்டு இருப்பதாக ஸ்பாட்டிஃபையும் ஆப்பிளும் சொல்கின்றன. இருக்கட்டும், அப்பா கேட்கிற கச்சேரி அதில் இருக்கிறதா என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

அப்பாவின் பத்தில்தான் வித்தியாசம் தெரியும். பழைய திரைப்பாடல்களில் ஏராளமானவை எச்எம்வி இசைத்தட்டாக வந்தவை. அவற்றின் உரிமை இன்று சரிகம நிறுவனத்திடம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்த சில மாதங்களிலேயே, உரிமைத் தகராறில் சரிகம பாட்டுகள் அதிலிருந்து எடுக்கப்பட்டன. 2020-இல்தான் திரும்பி வந்தன. 2023-இல் ஜீ மியூசிக் பாட்டுகளும் ஒப்பந்தம் படியாமல் போயின. இன்று இருக்கும் பாட்டு நாளைக்கும் இருக்கும் என்று எந்தச் செயலியும் உறுதி தராது. அதனால் வருடச் சந்தா வேண்டாம், மாதச் சந்தாவில் தொடங்குங்கள்.

தேடும்போது பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிடாதீர்கள், போட்டுக் கேளுங்கள். கரோக்கியோ, வேறு யாரோ பாடிய பதிவோ முன்னால் வந்து நிற்கும். அப்பா முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். பாட்டு கிடைக்கவில்லையென்றால் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிப் பாருங்கள். ழகரத்தையும் நெடிலையும் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

சபாக் கச்சேரி, கோயில் நாதஸ்வரம் என்று ரசிகர்கள் யூடியூபில் ஏற்றியவற்றில் நிறைய, இசைத்தட்டாகவே வராதவை. யூடியூப் மியூசிக்கில் இவற்றில் பலவும் கிடைக்கும். கேசட்டிலிருந்து மாற்றிய எம்பி3 கோப்புகள் வீட்டில் இருந்தால் அவற்றையும் உங்கள் கணக்கில் ஏற்றிக் கேட்கலாம். ஒரு லட்சம் பாட்டு வரை இடம் தருகிறார்கள். சங்கீதம் கேட்கும் பெரியவர் உள்ள வீட்டுக்கு இதைவிடப் பெரிய வசதி எனக்குத் தெரியவில்லை.

மகளுக்கு எதுவானாலும் சரி. புதுப் படப் பாட்டு பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஒரே நாளில் வந்துவிடுகிறது.

ஒலித்தரத்துக்காக நீங்கள் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம். ஆப்பிள் 2021 முதல் தரம் குறையாத ஒலியைக் கூடுதல் கட்டணமின்றித் தருகிறது, ஆனால் ப்ளூடூத்தில் போகும்போது அது மறுபடி சுருக்கப்பட்டுவிடும். பஸ் சத்தத்தில் 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) தரம் தாராளம். அதுவே ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 144 எம்பி டேட்டா பிடிக்கும். வீட்டு வைஃபையில் தரவிறக்கிக்கொண்டு கிளம்புங்கள். அப்படி இறக்கியவை சந்தா இருக்கும்வரைதான். ஒரு மாதம் கட்ட மறந்து, ஊருக்குப் போகும் ரயிலில் ஒரு பாட்டுகூட இல்லாமல் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே கணக்கை மூன்று பேர் பகிர வேண்டாம். ஒருவர் போட்டால் இன்னொருவருக்கு நிற்கும், பரிந்துரைகளும் கலந்துபோகும். குடும்பத் திட்டம் எடுங்கள். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் எல்லோரும் ஒரே வீட்டில் வசிக்க வேண்டும் என்கின்றன. மகள் விடுதியில் இருந்தால் அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ரீசார்ஜோடு இலவசமாக வருவதை மட்டும் நம்பி வருஷக்கணக்கில் பட்டியல் சேர்க்காதீர்கள். ஏர்டெல்லின் விங்க் மியூசிக் 2024-இல் மூடப்பட்டது.

உங்கள் வீட்டுக்கு என் தேர்வு யூடியூப் பிரீமியம் குடும்பத் திட்டம். மியூசிக் அதிலேயே அடக்கம், அப்பா டிவியில் கச்சேரி பார்க்கும்போதும் விளம்பரம் குறுக்கிடாது. பிடிக்காமல் நிறுத்துவதானால், போனிலிருந்து செயலியை நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது. சந்தாப் பக்கத்தில் போய் ரத்து செய்துவிட்டு, அப்புறம் யுபிஐ செயலியில், மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் ஆட்டோபே பகுதியையும் ஒருமுறை பாருங்கள்.