சேமிப்பு இருக்கிறது, பார்ட்டி எங்கே?

கேள்வி: சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் மாதம் இரண்டேகால் லட்சம் சம்பளம். வேலையை விட்டுவிட்டு, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கான மென்பொருளைச் சொந்தப் பணத்திலேயே தொடங்க ஆசை. கையில் 30 லட்சம் சேமிப்பு. வீட்டுக்கடன் பாக்கி என்று மனைவி தயங்குகிறார். வெளி முதலீடு இல்லாமல் சோஹோ மென்பொருள் நிறுவனத்தின் ஶ்ரீதர் வேம்பு ஜெயிக்கவில்லையா?
- வாசகர், பெருங்குடி

பதில்: ஜெயித்தார். எப்படி என்பதையும் பாருங்கள். குவால்காம் வேலையை விட்டு வந்தவர், சகோதரர்களோடும் நண்பர்களோடும் 1996இல் தொடங்கியது அட்வென்ட்நெட். நெட்வொர்க் சாதனம் தயாரிக்கும் கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்று, வந்த காசில் வளர்ந்தார்கள். அதே கம்பெனியிலிருந்து சோஹோ 2005இல்தான் வந்தது. அதற்கு முதலாக நின்றது பழைய வாடிக்கையாளர்கள் கொடுத்த காசு. உங்கள் கடிதத்தில் சம்பளம் இருக்கிறது, சேமிப்பு இருக்கிறது. வாங்கப்போகிற பார்ட்டி யார் என்று ஒரு வரிகூட இல்லையே!

திருப்பூரில் நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல் என்று சரக்கு கைமாறிக்கொண்டே இருக்கும். சாயப்பட்டறைக்கு அனுப்பிய துணி எத்தனை கிலோ, திரும்பி வந்தது எத்தனை கிலோ என்பதை இன்றும் நோட்டில் எழுதிவைக்கும் முதலாளிகள் உண்டு. அந்த நோட்டை நீங்கள் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

பில் போட்ட அன்றே பணம் வராது. இரண்டு லட்சத்துக்கு பில் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி 36,000 ரூபாய். மாதாந்திரக் கணக்கு என்றால் அதை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் நீங்கள் கட்டியாக வேண்டும், பார்ட்டி மூன்று மாதம் இழுத்தடித்தாலும். சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தரச் சட்டம் இருக்கிறது. ஆனால் முதல் பார்ட்டி மீதே வழக்குப் போட யாருக்கு மனம் வரும்? 30 லட்சம் கரைவது இந்த இடைவெளியில்தான். கம்பெனி கொடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸும் வேலையோடு போய்விடும். உங்கள் மனைவி கேட்பது நியாயமான கேள்வி. தவணைக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி அவர் பெயரில் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

இப்போதைக்கு ராஜினாமா வேண்டாம். லீவு போட்டுத் திருப்பூர் போய் இரண்டு கம்பெனிகளில் உட்காருங்கள். "செய்து கொடுங்கள், பார்க்கலாம்" என்பது ஆர்டர் ஆகாது. அட்வான்ஸ் செக் கொடுத்தால்தான் ஆர்டர். அதற்கும் முன்னால் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். பணியில் இருக்கும்போது நீங்கள் எழுதுகிற மென்பொருள் கம்பெனிக்கே சொந்தம் என்று அதில் இருந்தால், வேலையை விடும்வரை ஒரு வரி புரோகிராம்கூட எழுதாதீர்கள்.