பீரியட்ஸ் சரியானால் மனசும் சரியாகுமா?

பி.சி.ஓ.எஸ். (ஹார்மோன் மாறுபாட்டால் பீரியட்ஸ் தள்ளிப்போவது, முகத்தில் முடி முளைப்பது போன்றவை வரும் சினைப்பைக் கோளாறு) பற்றி வந்த கேள்விகளில் மனநலம் சம்பந்தப்பட்டவற்றுக்கு மட்டும் இந்த முறை பதில்கள்.

கேள்வி: வயது 26. பி.சி.ஓ.எஸ்.ஸுக்காக ஒரு வருடமாக மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய்க்கும் தரும் மாத்திரை) சாப்பிடுகிறேன். பீரியட்ஸ் ஓரளவு ஒழுங்காகிவிட்டது. ஆனால் எதிலும் பிடிப்பில்லை. காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. டாக்டரிடம் சொன்னால், 'வெயிட்டைக் குறைங்கம்மா, எல்லாம் சரியாயிடும்' என்கிறார். இது நோயா, என் பலவீனமா? (வாசகி, திருப்பூர்)

பலவீனம் இல்லை. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வருகின்றன என்பதால், எடை குறைந்தால் மனசும் தானாகத் தெளியும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. 2023-ல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல், நோயைக் கண்டுபிடிக்கும்போதே எல்லாரிடமும் மனச்சோர்வு, பதற்றம் இரண்டையும் விசாரிக்கச் சொல்கிறது. கூட்டம் நெரிக்கிற ஓ.பி.யில் அந்தக் கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. ஆகவே நீங்களே பேச்சை எடுங்கள்.

பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் தமிழிலும் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களை நினைத்து ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும், மொத்தம் 27. கூட்டினால் 10-ஐத் தொட்டால் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் பற்றியது. அதில் 1 வந்தால்கூட மொத்த மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் 24 மணி நேரமும் பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.

கூடவே உடம்பிலும் தேட வேண்டியவை சில. மெட்ஃபார்மினை நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 குறையலாம், முக்கியமாக சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு. குறைந்தால் அசதி, மறதி, கால் மரத்துப்போதல், மனசு மந்தமாதல் எல்லாம் வரும். பார்க்க அப்படியே மனச்சோர்வு மாதிரி இருக்கும். பி12, ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டு) மூன்றையும் ஒரே ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இரவில் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது பி.சி.ஓ.எஸ்.ஸில் அதிகம். எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் எழ முடியாததற்கு அது காரணமாக இருக்கலாம்.

லேசான சோர்வுக்கு மனநல ஆலோசனை சிகிச்சையும் வாரத்துக்கு 150 நிமிட வேக நடையுமே பலருக்குப் போதும். அதற்கு மேல் போனால் செர்ட்ராலின், எஸ்சிடலோப்ராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள். மெட்ஃபார்மினோடு இவற்றைச் சேர்த்துச் சாப்பிடுவது வழக்கம்தான். முதல் வாரம் குமட்டலும் படபடப்பும் இருக்கும், பலனோ இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் தெரியும். நிறையப் பேர் இந்த இடைவெளியில், 'இது எனக்கு ஒத்துக்கவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். டாக்டர் மாத்திரை எழுதும்போதே பி.சி.ஓ.எஸ். இருப்பதைச் சொல்லிவிடுங்கள். மிர்ட்டாசபைன், ஓலான்சபைன் போன்ற மனநல மாத்திரைகள் எடையை ஏற்றும். வேறு வழி இருக்கும்போது உங்களுக்கு அவை வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. 12 வயதில் பெரியவளானாள். ஸ்கேனில் பி.சி.ஓ.டி. (பி.சி.ஓ.எஸ்.ஸைத்தான் இப்படியும் சொல்கிறார்கள்) என்றார்கள். அன்றிலிருந்து சோற்றைக் குறைக்கச் சொல்கிறோம். பகலில் சரியாகச் சாப்பிடுவதில்லை. இரவில் பார்த்தால் பிஸ்கட் பாக்கெட் காலி. கேட்டால் அழுகிறாள். (வாசகி, மதுரை)

முதலில் அந்த ஸ்கேன். பெரியவளாகி எட்டு ஆண்டு ஆகும்வரை ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்யக் கூடாது. அந்த வயதில் சினைப்பையில் நிறைய சிறு முட்டைப்பைகள் தெரிவது இயல்பு. கரைக்கவோ எடுக்கவோ வேண்டிய கட்டிகள் அல்ல அவை. வளரிளம் பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்: பீரியட்ஸ் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் கூடுதல் (முகத்தில் முடி, கடுமையான பரு, அல்லது ரத்தப் பரிசோதனை). பெரியவளாகி மூன்று வருடம் வரை 21 முதல் 45 நாள் இடைவெளி சாதாரணம். அதற்குப் பிறகு 21 முதல் 35. ஒன்று மட்டும் இருந்தால் 'வர வாய்ப்புண்டு' என்று குறித்துவைத்துப் பிறகு திரும்பப் பார்ப்பார்கள். டாக்டரிடம் இதை நேராகக் கேளுங்கள்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது இரவு பிஸ்கட். பகலெல்லாம் பட்டினி, இரவில் ஒளித்து வேகவேகமாக நிறையச் சாப்பிடுவது, பிறகு குற்ற உணர்ச்சி: இது வாரம் ஒருமுறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால் உணவுண்ணல் கோளாறு என்றே கொள்வார்கள். பி.சி.ஓ.எஸ். பெண்களிடம் இது அதிகம். சோற்றைக் குறைக்கக் குறைக்க இரவுப் பசி கூடும், திட்டத் திட்ட ஒளிப்பது கூடும்.

அவளுக்கென்று தனிச் சமையல் வேண்டாம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது. பள்ளி விட்டு வந்ததும் சுண்டலோ முட்டையோ வேர்க்கடலையோ நிச்சயம் இருக்கட்டும். எடை மிஷினைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். கழுத்துக் கருமையை அழுக்கு என்று நார் போட்டுத் தேய்க்காதீர்கள். அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம், தேய்த்தால் இன்னும் கறுக்கும். சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கிறாள் என்று சந்தேகம் வந்தால் அந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்று ஆறுதல் சொல்ல வரும் உறவினர்களை வாசலோடு அனுப்பிவிடலாம்.

கேள்வி: ஹார்மோன் மாத்திரை தொடங்கியதிலிருந்து எரிச்சலும் அழுகையும். நிறுத்திவிடலாமா? (வாசகி, கோவை)

சிலருக்கு அப்படி ஆகும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் தெரியும். அட்டையின் நடுவில் நிறுத்தினால் தாறுமாறாக ரத்தப்போக்கு வரும். அட்டையை முடித்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். மாத்திரையில் இருக்கிற புரோஜெஸ்டின் என்ற ஹார்மோனின் வகையை மாற்றினாலே சிலருக்கு எரிச்சல் அடங்கிவிடும். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் மட்டும் அட்டை முடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். மாத்திரையே வேண்டாம் என்றானால், 90 நாளுக்கு மேல் பீரியட்ஸ் வராமல் விடாதீர்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும்.

கேள்வி: தாடையில் முடி. த்ரெடிங் செய்து அலுத்துவிட்டது. இதனாலேயே விசேஷங்களுக்குப் போவதில்லை. ரேஸர் போட்டால் அடர்த்தியாகுமா? (வாசகி, சேலம்)

ஆகாது. வெட்டிய நுனி தட்டையாக இருப்பதால் தடவும்போது முரட்டுத்தனமாகத் தெரியும், அவ்வளவுதான். ஹார்மோன் மாத்திரைக்கு முடி அடங்க ஆறு மாதமாவது பிடிக்கும். லேசர் செய்வதானால் நம் மாநிறத்துக்கு என்டி-யாக் வகை பாதுகாப்பானது. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவைப்படும். அதற்கு முந்தைய நான்கு வாரம் த்ரெடிங், வேக்ஸிங் கூடாது, ஏனென்றால் லேசருக்கு வேரில் முடி இருக்க வேண்டும். ஷேவ் செய்யலாம். நரைத்த முடிக்கு லேசர் வேலை செய்யாது.

விசேஷங்களுக்குப் போகாமல் இருப்பதைத் தனியாகக் கவனியுங்கள். முடி போன பிறகும் அந்தக் கூச்சம் சிலரை விடுவதில்லை, அதற்கும் ஆலோசனை சிகிச்சை உண்டு.

கேள்வி: இருமுனைக் கோளாறுக்காக (மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) என் தங்கை வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாள். எடை கூடி, பீரியட்ஸ் தள்ளிப்போகிறது. மாத்திரைதான் காரணமா? (வாசகர், திருச்சி)

இருக்கலாம். இளம் பெண்களுக்கு இந்த மருந்து பி.சி.ஓ.எஸ். போன்ற மாற்றங்களைக் கொண்டுவருவது தெரிந்ததே. அதைவிடப் பெரிய விஷயம், இதைச் சாப்பிடும்போது கர்ப்பமானால் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறை, பத்தில் மூன்று நான்குக்கு வளர்ச்சிக் கோளாறு. ஆனாலும் திடீரென நிறுத்தக் கூடாது, நோய் திரும்பிப் பாயும். வலிப்புக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. மனநல மருத்துவர் வேறு மருந்தை ஏற்றிக்கொண்டே இதைப் படிப்படியாக இறக்குவார். மாற்றி முடிக்கும்வரை, தேவைப்பட்டால், நம்பகமான கருத்தடை அவசியம். மருந்து தொடங்கிய தேதி, அப்போதைய எடை, இப்போதைய டோஸ், கடைசி ஆறு பீரியட்ஸ் தேதிகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, மனநல மருத்துவர், மகப்பேறு மருத்துவர் இருவரிடமும் ஆளுக்கொரு நகல் கொடுங்கள்.