இடம் மாறிய வயிறா, முறுக்கிய வயிறா?

கேள்வி: என் ஹோல்ஸ்டீன் கலப்பின மாடு மூன்றாவது ஈத்துப் போட்டு 12 நாள் ஆகிறது. 18 லிட்டர் கறந்தது, இப்போது 9 லிட்டர்தான். வைக்கோலைக் கொஞ்சம் கடிக்கிறது. அடர்தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. செரிமானக் கோளாறு என்று நான்கு நாள் மருந்து கொடுத்தும் பலனில்லை. நேற்று வந்த மருத்துவர், வயிறு இடப்பக்கம் ஏறிவிட்டது, அறுவை செய்ய வேண்டும் என்கிறார். பக்கத்துத் தொழுவத்தில் வயிறு முறுக்கி ஒரு மாடு ஒரே இரவில் செத்தது. இதுவும் அதுதானா? ஏன் வருகிறது?

பதில்: அது வேறு, இது வேறு. ஆனால் இரண்டும் ஒரே வயிற்றில் வருபவை என்பதால் உங்கள் பயத்தில் தப்பில்லை.

மாட்டுக்கு நான்கு வயிறு. அசைபோடும் பெருவயிறு முறுக்கிக்கொள்வதில்லை. தகராறு செய்வது நான்காவது வயிறு. நம் இரைப்பையைப் போல அமிலம் சுரப்பது அதுதான். வயிற்றின் அடித்தளத்தில், நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கமாக, தொங்கும் பை மாதிரி கிடக்கும். உள்ளே காற்று சேர்ந்தால் பலூன் போல மேலே மிதக்கத் தொடங்கும். எந்தப் பக்கம் மிதக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இடப்பக்கம் போனால் பெருவயிற்றுக்கும் விலா எலும்புக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். பத்து மாட்டில் எட்டு ஒன்பதுக்கு நடப்பது இதுதான். வழி நெருக்குப்படுமே தவிர முழுசாக அடைபடாது. அதனால்தான் மாடு நாள் கணக்கில் நின்றுகொண்டிருக்கும். கொஞ்சம் தின்னும், கொஞ்சம் சாணி போடும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இதுவே.

வலப்பக்கம் உப்பி ஏறுவது இரண்டாவது வகை. முதலில் வெறும் வீக்கமாக இருந்து, அப்புறம் பை தன்னைத்தானே சுற்றிக்கொண்டால் அதுதான் உண்மையான முறுக்கு. உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி இரண்டும் அடைபடும். சுரந்த அமிலமெல்லாம் உள்ளேயே தேங்கும். ஈரத்துணியைப் பிழிவது போல ரத்தக் குழாய்களும் நெரிபடும். இதற்கு நாள் கணக்கெல்லாம் கிடையாது, மணிக்கணக்குதான். பக்கத்துத் தொழுவத்து மாடு பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும்.

உங்கள் மருத்துவர் விலாவில் விரலைச் சுண்டி, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டிருப்பார், கவனித்தீர்களா? முழங்கையிலிருந்து இடுப்பெலும்புக்கு ஒரு கோடு இழுத்தால், அதை ஒட்டிய கடைசி நான்கைந்து விலா எலும்புகளுக்கு இடையே காலிக் குடத்தைச் சுண்டினது போல ‘ணங்’ என்று கேட்கும். அந்த ஓசை எந்தப் பக்கம் கேட்கிறது என்பதுதான் முடிவுக்கு ஆதாரம். உங்கள் அளவில் நாடி பார்க்கலாம். வால் அடியிலிருந்து ஒரு சாண் கீழே, உட்புறம் விரல் வைத்தால் தட்டும். சாதாரணமாக நிமிடத்துக்கு 60 முதல் 80 வரை இருக்கும். அது 100-ஐத் தாண்டி, வலப்பக்கம் உப்பி, கண் குழிந்து, காது சில்லிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஏன் வருகிறது? ஒரே காரணம் என்று சொன்னால் பொய். வயிற்றின் அசைவு மந்தமாவது ஒன்று, காற்று அதிகமாவது இன்னொன்று. இரண்டும் சேர வேண்டும். கன்று போட்ட முதல் மாதத்தில் இவை சுலபமாகச் சேர்கின்றன. பால் இறங்கும்போது ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்து வயிற்றுத் தசை தளர்கிறது. கருப்பை காலியான இடம் வயிறு நகரத் தோதாகிவிடுகிறது. நஞ்சுக்கொடி தங்குவது, கருப்பை அழற்சி, மடிநோய் எதுவானாலும் மாடு தீனி குறைக்கும், பெருவயிறு சுருங்கும், இன்னும் இடம் கிடைக்கும். கூடவே கீட்டோசிஸ், அதாவது தீனி போதாமல் உடம்புக் கொழுப்பு கரைந்து, அதன் கழிவு ரத்தத்தில் சேரும் கோளாறு. மாட்டின் மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவ வாடை அடிக்கிறதா என்று பாருங்கள்.

இவற்றில் நம் கையால் நடப்பது தீவனம்தான். கன்று போட்ட மறுநாளே ‘பால் ஏறட்டும்’ என்று அடர்தீவனத்தை அள்ளிக் கொட்டுகிறோம். மாவாக அரைத்த தீனி நிறைய, நார் குறைவு என்றானால் பெருவயிற்றில் மேலே மிதக்கும் நார் மெத்தை உருவாவதில்லை. புளிப்பும் காற்றும் நான்காவது வயிற்றுக்கு இறங்கிவிடுகின்றன. என் பார்வையில் பாதி மாடுகளுக்கு இந்த ஆசையே வினை. சினைக் காலத்தில் கொழுத்துப்போன மாட்டுக்கு ஆபத்து இன்னும் கூட.

அறுவைக்கு வருவோம். மாட்டைப் படுக்கவைத்து உருட்டி வயிற்றைத் திருப்பும் முறை இருக்கிறது. இடப்பக்க வகைக்கு மட்டும்தான் ஆகும், அதிலும் பாதிக்கு மேல் திரும்ப ஏறிவிடும். வலப்பக்கம் ஏறியதை உருட்டினால் நாமே முறுக்கிவிட்டதாகிவிடும். தையல் போட்டு வயிற்றை இடத்தில் கட்டிவைக்கும் அறுவைதான் நிலையானது. நான்கு நாள் ஏற்கெனவே போய்விட்டது, இனியும் தள்ளாதீர்கள். அதுவரை எண்ணெய், கஷாயம் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். நுரையீரலுக்குள் போனால் இன்னொரு நோய். கீட்டோசிஸுக்கும் சுண்ணாம்புச் சத்துக்குறைவுக்கும் மருத்துவரையே சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறுவை முடிந்ததும் முதலில் நல்ல வைக்கோல், தாராளமாகத் தண்ணீர். அடர்தீவனம் அப்புறம், அதையும் நாளுக்குக் கால் கிலோ வீதம்தான் ஏற்ற வேண்டும். அடுத்த ஈத்துக்கு, கன்று போட மூன்று வாரம் இருக்கும்போதே அடர்தீவனத்தைக் கொஞ்சமாகப் பழக்கத் தொடங்குங்கள்.