ஸ்பீக்கரை அணையுங்கள், டீச்சர்

அன்புள்ள சார்,

கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு எல்.பி. ஸ்கூலில் நாலாம் வகுப்பு, தமிழ் மீடியம் எடுக்கிறேன். லேப்டாப்பும் புரொஜெக்டரும் இருக்கின்றன. வீடியோ போட்டால் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடுகிறது. கேள்வி கேட்டால் வாயால் பதில் சொல்கிறார்கள். ஆனால் பாடப்புத்தகத்தில் நாலு வரி வாசிக்கச் சொன்னால் பாதிப் பேர் திணறுகிறார்கள். பேச்சில் மலையாளமும் கலக்கிறது. வாசிப்புக்கு நல்ல ஆப் ஏதாவது சொல்ல முடியுமா? இல்லை, இதையெல்லாம் மூட்டை கட்டிவிடலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வேலந்தாவளத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரரின் பேரன், ஏழெட்டு வயதிருக்கும், போனில் மைக் படத்தை அழுத்தி வாயருகே வைத்து ‘ஜேசிபி வீடியோ’ என்றான். வந்தது. பிடிக்கவில்லை போல. ‘பெரிய ஜேசிபி’ என்றான். அதுவும் வந்தது. நான் டீ குடித்து முடிக்கும்வரை ஓர் எழுத்தையும் அவன் தொடவில்லை. தொடவேண்டிய தேவையே அவனுக்கு இல்லை.

மலையாளம் கலக்கிற கவலையை விடுங்கள். உங்கள் சித்தூர் தாலுக்காவில் கலக்காமல் பேசுகிறவர் யார்? ஆப் பெயர் சொல்ல நான் யாருக்கும் ஏஜெண்டும் இல்லை.

‘வகுப்பு அமைதியாகிவிடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வாயடைத்து உட்கார்ந்திருந்தால் பாடம் நடக்கிறது என்று அர்த்தமா? வீடியோவில் யாரோ ஓர் அக்கா இனிமையான குரலில் பாடத்தை வாசித்துவிடுகிறார். பிள்ளைகள் கேட்கிறார்கள், புரிந்துகொள்கிறார்கள், பதிலும் சொல்லிவிடுகிறார்கள். வாசித்தது யார்? அந்த அக்கா.

கேரளத்தை நான் குறை சொல்லவில்லை. அப்துல் கலாம் தொடங்கிவைத்த விக்டர்ஸ் என்கிற கல்விச் சேனல் 2005இலிருந்து இருக்கிறது. 2020 ஜூன் 1ஆம் தேதி, ஸ்கூல் எல்லாம் பூட்டிக்கிடந்தபோது, அதே சேனலில்தான் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் ஆரம்பித்தன. அன்றைக்கு அது பெரிய உதவி. இன்றைக்கு ஸ்கூலும் திறந்திருக்கிறது, நீங்களும் பிள்ளைகளின் முன்னால் நிற்கிறீர்கள். அப்புறம் எதற்கு அந்த அக்கா?

நான் மூணாறு பக்கம் எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவன். எங்கள் லயத்தில் பாதிப் பேர் சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். ஊரிலிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தால், கொழுந்தெடுத்துத் திரும்பியதும் சித்திமார் எங்கள் வாசலுக்கு வருவார்கள். ‘தம்பி, இத வாசி.’ பாடப்புத்தகத்து எழுத்து வேறு, ஊர்க்காரர் கையெழுத்து வேறு. பாதி எழுத்துக்குப் புள்ளி இருக்காது. பசை ஒட்டிய ஓரத்தைப் பிரிக்கும்போது இரண்டு வார்த்தை கிழிந்து போயிருக்கும். ‘நலம், நலமறிய ஆவல்’ வரை சரளமாக ஓடுவேன். அதற்குப் பிறகுதான் சேதியே. முழுங்கினால் விடமாட்டார்கள். ‘அம்மைக்கு என்னன்னு போட்டிருக்கு, சரியாப் பாரு’ என்று தோளைப் பிடித்து உலுக்குவார்கள். நான் எழுத்துக்கூட்டிச் சொன்னால்தான் ஊரில் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். வாசிக்கப் பழகியது அந்த வாசலில்தான். எஸ்டேட் ஸ்கூலில் எழுத்து மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள்.

சரி, உங்கள் கேள்வி. புரொஜெக்டரை மூட்டை கட்ட வேண்டாம். ஸ்பீக்கரை மட்டும் அணையுங்கள்.

அகமதாபாத் ஐஐஎம்மில் பிரிஜ் கோத்தாரி என்பவர் 1996இல் ஒரு வேலையைத் தொடங்கினார். டிவியில் சினிமாப் பாட்டு ஓடும்போது, பாடுகிற மொழியிலேயே வரிகளைக் கீழே ஓடவிடுவது. பாட்டு ஏற்கெனவே மனப்பாடம் என்பதால் கண் தானாக எழுத்தின் பின்னால் போகும். குஜராத்திப் பாட்டுகளில் ஆரம்பித்து, தூர்தர்ஷனின் ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சியான சித்ரஹார் வரைக்கும் அது போனது. நீங்களும் அங்கிருந்து தொடங்குங்கள். தமிழ் எழுத்தில் வரி ஓடும் பாட்டாகப் பார்த்து எடுங்கள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை ஓடவிடும் சனியன்கள் வேண்டாம். முதலில் சத்தத்தோடு போடுங்கள். அடுத்த தடவை சத்தமில்லாமல், வரியைப் பார்த்துப் பிள்ளைகளே பாடட்டும்.

அப்புறம் பாட வீடியோ. அதையும் சத்தமில்லாமல் ஓடவிடுங்கள். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து, படத்துக்கு ஏற்றபடி குரல் கொடுக்கட்டும். ஒருத்தி ஒரு வார்த்தையில் மாட்டிக்கொள்வாள், படம் அவளை விட்டு ஓடிவிடும், ‘டீச்சர், நிறுத்துங்க’ என்று மற்றவர்கள் கத்துவார்கள். நிறுத்துங்கள். பின்னால் தள்ளி மறுபடி போடுங்கள். நீங்கள் மட்டும் வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லிவிடாதீர்கள். டீச்சர்மாருக்கு அந்தப் பழக்கம் உண்டு. அவளே கூட்டிச் சொல்லட்டும்.

சத்தம் பக்கத்து வகுப்புவரை போகும். ஹெச்.எம். வந்து கேட்டால் ஸ்பீக்கர் ரிப்பேர் என்று சொல்லுங்கள். சரிபண்ண ஆள் அனுப்புகிறேன் என்றால், ஒன்றும் அவசரமில்லை சார் என்று சொல்லிவிடுங்கள்.