தலாக், பஸஹ், தாபரிப்பு: வன்னிப் பெண்களின் கேள்விகளும் பதில்களும்

சூடுவெந்தபுலவு: கட்டார்ல இருக்கிற மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில மூன்று தலாக் அனுப்பிட்டார். முடிஞ்சிட்டுதா?

சட்டப்படி முடியவில்லை. மார்க்கத் தீர்ப்பு வேறு, அதை உலமாக்களிடம் கேளுங்கள். இலங்கையின் 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் பகுதியின் காதியாருக்கு, அதாவது முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிப்பவருக்கு, அவர் அறிவித்தல் கொடுக்க வேண்டும். காதியார் 30 நாள் சமாதானம் பேசிப் பார்ப்பார். சரிவராவிட்டால், காதியார் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடுதான் தலாக். அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். விவாகரத்து பதிவாகும் வரை தாபரிப்பு, அதாவது வாழ்க்கைச் செலவுப் பணம், கேட்கலாம்.

முசலி: புத்தளத்திலயும் வீடு, இங்கயும் வீடு. எந்தக் காதியாரிட்ட போறது?

1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இந்தச் சிக்கல்தான். பெண் உண்மையில் குடியிருக்கும் இடமே கணக்கு. வாக்காளர் பதிவு அங்கே, காணி இங்கே என்றால் எதிர்த்தரப்பு அதையே பிடித்து வழக்கை இழுக்கும். கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழை விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.

எருக்கலம்பிட்டி: அடிக்கிறார், செலவுக்கும் தாறதில்ல. மஹரை விட்டுத்தந்தா விடுறன் எண்டு சொல்றார்.

மஹர், மாப்பிள்ளை உங்களுக்குத் தர வேண்டிய மணக்கொடை. விட்டுக்கொடுக்காதீங்க தங்கச்சி. அவர் கேட்பது குல்உ, அவருடைய சம்மதத்தோடு நீங்கள் ஏதாவது கொடுத்து விலகுவது. பிழை அவர் பக்கம் என்றால் உங்கள் வழி பஸஹ், அதாவது கணவனின் பிழையைக் காட்டி மனைவி கேட்கும் விவாகரத்து. அதற்கு அவர் சம்மதம் வேண்டாம். காதியார் மூன்று ஜூரிமாரோடு விசாரிப்பார். பஸஹ் வழக்கு தோற்பது பெரும்பாலும் சாட்சியில்தான். உங்கள் சொல் மட்டும் போதாது, இரண்டு பேராவது வேண்டும். அறைக்குள் விழுந்த அடியை யார் கண்டது? ஆகவே சத்தம் கேட்ட அயல்வீட்டார், காயத்தைப் பார்த்த உறவினர், ஆஸ்பத்திரித் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எல்லாவற்றையும் முன்கூட்டியே சேருங்கள். காதியார் முன் சட்டத்தரணி ஆஜராக முடியாது. நடந்ததைத் திகதி வாரியாக எழுதிக்கொண்டு போங்கள். வாசிக்காத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம், யார் அவசரப்படுத்தினாலும். தீர்ப்புப் பிழை என்றால் 30 நாளுக்குள் கொழும்பிலுள்ள காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்.

தண்ணீரூற்று: கைக்கூலியாக் குடுத்த காசும் காணியும் திரும்பி வருமா?

கைக்கூலி என்பது கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுப்பது. அதில் காசு, மோட்டார் சைக்கிள் போன்ற அசையும் பொருட்களைக் காதியாரிடமே கேட்கலாம். காணிக்கு மாவட்ட நீதிமன்றம். எழுத்து இல்லாவிட்டால் வங்கித் துண்டும், கொடுக்கும்போது நின்றவர்களும் வேண்டும்.

சிலாவத்துறை: தாபரிப்புக் கட்டளை வந்தும் மூணு மாசமா ஒரு சதம் இல்ல. பிள்ளையையும் தூக்கிட்டுப் போறாராம்.

நிலுவையைக் கணக்கெழுதிக் காதியாரிடம் கொடுங்கள். அவர் நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பினால், அங்கே தண்டப்பணம் போல அறவிடுவார்கள். பிள்ளையின் பொறுப்பு காதியார் கையில் இல்லை, அதற்கு மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். அங்கே சட்டத்தரணி வரலாம்; வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.