கேள்வி-பதில்: ஏர் ரைபிள் பெல்லட் (காற்றுத் துப்பாக்கிக் குண்டு) வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். எந்த பெல்லட் வாங்கலாம்? (வாசகி, மஞ்சக்குப்பம்)

பதில்: 4.5 மி.மீ., தட்டைத் தலை. காகித இலக்கில் வட்டமாகத் துளை போடும், புள்ளி எண்ணுவதில் தகராறு வராது. தலையின் அளவு 4.49, 4.50 என்று டின்னில் இருக்கும். எது அவள் துப்பாக்கிக்குச் சேரும் என்று கடைக்காரரால் சொல்ல முடியாது. ஒவ்வொன்றிலும் ஒரு டின் வாங்கி, ஐந்தைந்தாகச் சுடச் சொல்லுங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அதுதான். அப்புறம், பெல்லட் ஈயம். கை கழுவாமல் சாப்பிட விடாதீர்கள்.

கேள்வி: கொல்லைக்கு வரும் கொக்கை அடிக்க எது நல்லது? (வாசகர், குறிஞ்சிப்பாடி)

பதில்: எதுவும் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: புதுச்சேரியில் 'இறக்குமதி' டின் வாங்கினேன். அச்சிட்ட விலையை மறைத்துக் கூடுதல் விலை ஸ்டிக்கர். உள்ளே பாதி நசுங்கல். மாற்றித் தர மறுக்கிறார்கள். (வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: உங்கள் மேல் துளியும் தப்பில்லை. பெல்லட்டின் பின்பக்கம் குழிவாக, விளிம்பு மெல்லியதாக இருக்கும். சுடும்போது அது விரிந்து குழலை அடைத்தால்தான் காற்று கசியாது. விளிம்பு நசுங்கினால் குறி எங்கோ போகும். எனக்கும் ஒரு கடையில் இப்படி ஒரு டின் வந்தது. வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தால் பல பெல்லட்டுகளின் விளிம்பு முட்டை வடிவத்தில் இருந்தது.

இந்த ஸ்டிக்கர் வேலையைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும். 2011 பொட்டலப் பொருள் விதிகளின்படி அச்சிட்ட விலையைக் குறைக்க மட்டுமே ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். இறக்குமதி என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு என்பதெல்லாம் இருக்க வேண்டும். டின்னையும் ஸ்டிக்கரையும் படம் எடுங்கள். பில் இல்லாவிட்டால் பணம் அனுப்பிய குறுஞ்செய்தி போதும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை புதுச்சேரியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: 5.5 மி.மீ. பழைய ஏர்கன் மலிவாகக் கிடைத்தது, பேப்பர் எதுவும் இல்லை. என் 4.5 பெல்லட் அதில் நிற்காமல் விழுகிறதே? (வாசகர், பண்ருட்டி)

பதில்: விழத்தான் செய்யும். வாங்குமுன் குழல் அளவைக்கூடப் பார்க்காமல் பணம் கொடுத்தால் எப்படி? 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேல் போனாலே உரிமம் வேண்டும். பெல்லட் தேடுவதை விட்டுவிட்டு இன்றைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள்.