படிவு முதலா, அழற்சி முதலா?

அப்பாவின் எம்.ஆர்.ஐ.யைப் பார்த்து அல்சைமர் என்றார்கள். புரதம் படிகிறது என்கிறார் ஒரு டாக்டர், அழற்சி என்கிறார் இன்னொருவர். எதை நம்ப? (களியக்காவிளை)

இரண்டும் உண்மை. படியும் அந்தப் புரதத்தின் பெயர் பீட்டா அமிலாய்டு, எல்லார் மூளையிலும் தினமும் உண்டாகி வெளியேறுவதுதான். அதில் 42 அமினோ அமிலம் கொண்ட துண்டு சட்டென்று ஒன்றோடொன்று ஒட்டும். தங்கிப்போனால் திட்டாகப் படியும். மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா அந்தத் திட்டைச் சுற்றிவளைத்து விழுங்கப் பார்க்கும். அதுவரை நல்லது. வருடக்கணக்கில் தீராதபோது அந்தச் செல்களே அழற்சிப் பொருள்களைக் கக்கி நரம்பு இணைப்புகளைக் கெடுக்கின்றன. அப்போது வெளிவரும் ஏ.எஸ்.சி. என்ற புரதத் துணுக்கு புதுப் படிவுக்கு விதையாகிறது என்பதை 2017-இல் எலிகளில் காட்டினார்கள். ஆக, ஒன்றை ஒன்று வளர்க்கிறது.

சாதாரண எம்.ஆர்.ஐ.யில் இந்தப் படிவு தெரியாது, மூளை சுருங்கியிருப்பதுதான் தெரியும். படிவை உறுதிசெய்ய அமிலாய்டு பெட் ஸ்கேன் அல்லது தண்டுவட நீர்ப் பரிசோதனை வேண்டும்.

அழற்சிதான் என்றால் வலி மாத்திரை கொடுக்கலாமா? தேங்காய் எண்ணெய் தினமும் இரண்டு கரண்டி நல்லது என்கிறார்களே? (குலசேகரம்)

இரண்டும் வேண்டாம். நாப்ராக்ஸன், செலிகாக்ஸிப் மாத்திரைகளை 70 வயது தாண்டியவர்களுக்குக் கொடுத்த ஆய்வை இதயப் பாதுகாப்புக் கவலையால் 2004-இல் நிறுத்தினார்கள். நோயையும் அவை தடுக்கவில்லை. எண்ணெய் கறிக்கு இருக்கட்டும். மருந்தாகக் குடித்தால் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்புதான் ஏறும்.

அம்மாவுக்கு லேசான மறதி உண்டு. மூன்று நாளாக ஆளே மாறிவிட்டார். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி புலம்பல். நோய் முற்றிவிட்டதா? (அருமனை)

அல்சைமர் மூன்று நாளில் முற்றாது. இது டெலிரியமாக, அதாவது உடல்கோளாறால் வரும் திடீர் மனக்குழப்பமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஏற்கெனவே உசுப்பப்பட்ட மைக்ரோகிளியா, உடலில் வேறெங்கோ வந்த தொற்றுக்கும் மிகையாகக் கொதிக்கும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வரலாம். சிறுநீர், சோடியம், சர்க்கரை, ஆக்ஸிஜன் அளவு பார்க்கச் சொல்லுங்கள். மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு உண்டா என்றும் கேளுங்கள். கடந்த சில வாரங்களில் விழுந்திருந்தால் தலைக்கு சி.டி. ஸ்கேன் அவசியம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் அவசரம்.

வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். திருவனந்தபுரத்துச் சீட்டு ஒன்று, மார்த்தாண்டத்துச் சீட்டு ஒன்று என்று இருக்கும் வீடுகளில் டோனெபெசில் என்ற ஒரே மறதி மாத்திரை இரண்டு பெயரில் உள்ளே போக வழியுண்டு. நாடித்துடிப்பு இறங்கும், வாந்தி வரும். தூக்க மாத்திரையும் சளிக்கான பழைய அலர்ஜி மாத்திரையும் குழப்பத்தைக் கூட்டும்.

படிவைக் கரைக்கும் ஊசி வந்துவிட்டதாமே? (மார்த்தாண்டம்)

லெகனெமாப். எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றுவார்கள். ஆரம்பக் கட்டத்தில், படிவு உறுதியானவர்களுக்கு மட்டும். 18 மாத ஆய்வில் நினைவாற்றல், செயல்திறன் சரிவு 27 சதவீதம் மெதுவானது, மறந்தது திரும்பவில்லை. ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள அமிலாய்டை அகற்றும்போது அங்கேயே அழற்சி கிளம்பி, ஆய்வில் 12.6 சதவீதம் பேருக்கு மூளையில் நீர்க்கசிவு வந்தது. அல்சைமர் வாய்ப்பைக் கூட்டும் ஏ.பி.ஓ.ஈ.4 மரபணு, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்து இரட்டையாக உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். எனவே அந்த மரபணுச் சோதனையும், இடையிடையே எம்.ஆர்.ஐ.யும் இல்லாமல் தொடங்கக் கூடாது.